ஆங்கிலத்தின் முதுகில் ஏறிப் பிரெஞ்சுக்குப் போகாதே!

"மேஜை ஏன் சார் பெண்பால்?" இந்தக் கேள்வி எழாத பிரெஞ்சு வகுப்பு கிடையாது. காரணம் எதுவும் இல்லை என்பதுதான் பதில். நாற்காலி பெண்பால், சோபா ஆண்பால். செய்த தச்சருக்கே தெரியாது! மனிதரில் மட்டும் ஆண், பெண் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் அஃறிணையில் தள்ளிவிடும் நமக்கு இது அநியாயமாகத்தான் படும். படட்டும். மேஜையை வெறும் 'தாப்ள்' என்று படிக்காதே, பெண்பாலைக் காட்டும் 'லா'வோடு 'லா தாப்ள்' என்றே படி. ஒட்டிக்கொண்டு வரட்டும்.

ஆனால், மற்றக் கேள்விகளுக்கும் நீ நடுங்குகிறாயே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

வயதைச் சொல்ல ஏன் 'எத்ர்' (இருத்தல்) வராமல் 'அவுவார்' (உடைமை) வருகிறது என்கிறாய். 'ஐ ஆம் ட்வென்ட்டி' உன் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் கேட்கிறாய். 'நான் இருபது' என்று உன் வீட்டில் யார் சொன்னார்கள்? 'எனக்கு இருபது வயது' என்பதுதானே நம் பேச்சு! பிரெஞ்சுக்காரரும் வயதை உடையவர், பசியை உடையவர். அவரே வயதும் அல்லர், பசியும் அல்லர்.

'து', 'வூ' குழப்புகிறதாம். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த உனக்கா? (அங்கே அப்பா அம்மாவையும் 'து' என்றுதான் பெரும்பாலும் அழைப்பார்கள். அதை மட்டும் மனதில் வை.)

ஒலிக்காத எழுத்து திடீரென்று எப்படி ஒலிக்கிறது? 'வேன்' என்றால் இருபது, 'ஆன்' என்றால் ஆண்டுகள். சேர்ந்தால் 'வேன்தான்'. உறங்கிக் கிடந்த 'த்' உயிரெழுத்தைக் கண்டதும் எழுந்துகொள்கிறது. 'லெ'யும் 'அமி'யும் (நண்பன்) சேர்ந்தால் 'லமி'. அது + என்ன = அதென்ன என்று உகரத்தை விழுங்கத் தெரிந்தவனுக்கு இதில் என்ன அதிசயம்? பிரெஞ்சில் 'அ', 'இல்' நடுவே ஒரு 'த்' நுழைந்து 'அதில்' ஆவதும் அப்படித்தான். மணியடித்தது என்பதில் 'ய்' எங்கிருந்து வந்தது? புணர்ச்சி விதி படித்த பிள்ளை நீ!

எண்களா? 97 என்பது அவர்களுக்கு நாலு இருபது, பத்து, ஏழு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90க்கு 'நோனான்த்' என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். ப்ளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து 97 வாங்கியவரை, அந்த 97ஐப் பிரெஞ்சில் சொல்லச் சொல்லிப் பார், விழிப்பார். தொண்ணூறுக்குள் நூறையும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரத்தையும் ஒளித்து வைத்து எண்ணுகிறவர்கள் நாம். நாலு இருபதுக்கா பயப்படுவது?

இன்னும் தப்பு வருமே என்று கூசுகிறாயா? 1857இல் எழுத்தாளர் மெரிமே அரசவையில் ஒரு சொல்வதெழுதுதல் வைத்தார். வேண்டுமென்றே முள் நிறைத்த பத்தி. பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு 75 பிழை, பேரரசிக்கு 62, எழுத்தையே தொழிலாகக் கொண்ட இளைய தூமாவுக்கு 24 என்று சொல்லப்படுகிறது. எல்லாரையும்விடக் குறைவு யாருக்கு? ஆஸ்திரியாவிலிருந்து வந்த மெட்டெர்னிக்குக்கு. மூன்றே பிழை. அந்நியன்!

நாளைக்கு வகுப்பில் 'கெல் ஆழ் அவே வூ?' (உங்கள் வயது என்ன?) என்று கேட்பார்கள். எழுந்து நில். ஆங்கிலத்தில் யோசிக்காதே. 'ழே வேன்தான்' என்று கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரிச் சொல்.