யாருடைய தேவை?

ஆனி மாதத்தில் குற்றாலத்தில் சாரல் தொடங்கும்போதே தென்காசி வட்டாரத்து வீடுகளில் மற்றொரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்பதே அப்பேச்சு.

சென்ற ஆண்டு அருவிக்குக் குளிக்கப் போனவன், தென்காசியில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினேன். அவருடைய மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை என்று அவளுடைய உம்மா சொன்னார். நண்பர் வேறு முடிவில் இருந்தார். “மத்தளம்பாறையில் படிக்கும்போதே பணம் தருகிறார்கள். அவளுடைய எதிர்காலத்துக்கு அதுதான் நல்லது” என்றார்.

அவர் குறிப்பிட்டது சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியை. 2005இல் சென்னையில் தொடங்கிய அம்முயற்சி, 2011இல் அந்நிறுவனம் மத்தளம்பாறைக்கு வந்தபின் இங்கும் வேரூன்றியது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணமின்றி இரண்டாண்டு பயிற்றுவித்து, மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்குகிறார்கள். கணினியில் நாட்டமுள்ள ஏழைப் பிள்ளைக்கு இது அரிய வாய்ப்பு; இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே பட்டம் கிடைக்காது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகவும், இந்திய ஆட்சிப் பணித் தேர்வு எழுதவும் பட்டம் இன்றியமையாதது.

குற்றாலத்திலேயே 1964இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் உயர்கல்வி பெற மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் வந்தது. இவற்றை எடுத்துச் சொன்னபோது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மூத்தவனை வெளிநாட்டுக்கு அனுப்ப வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்றார்.

கடன்பட்டது குற்றமன்று. குடும்பச் சுமையில் ஒரு பங்கைப் பிள்ளை தாங்குவதும் குற்றமன்று. நம்முடைய தேவைக்கு அவளுடைய நன்மை என்று பெயர் சூட்டுகிறோமே, அங்கேதான் தவறு நிகழ்கிறது. நிலைமையைச் சொல்லிக் கேட்டால் அவள் இசையவும் கூடும். இசைந்தால் அது அவள் தந்த கொடை. சொல்லாமல் அனுப்பினால் அவளிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அமானிதத்தில் கைவைக்க நேர்ந்தால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

தென்காசிக்கு வடக்கே கடையநல்லூரை எண்ணிப் பார்க்கிறேன். தறியை நம்பி வாழ முடியாத நிலையில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூரார் பலர் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். தஞ்சோங் பகார் பகுதியில் உடலுழைப்பால் பிழைத்தார்கள். வயிற்றுக்காகவே போகிறோம் என்பது போனவர்களுக்கும் தெரியும், அனுப்பியவர்களுக்கும் தெரியும். அதற்கு யாரும் வேறு பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். எதை விட்டுவிட்டு வந்தோம் என்று அறிந்திருந்ததால்தான் போலும், அவர்கள் அமைத்த கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து 1982 வரை அது நடந்தது. கூலி வாங்கிய கைகள் எழுப்பிய பள்ளி!

நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “கடனைச் சொன்னால் அவள் மறுக்கவே மாட்டாள். அதுவும் கட்டாயம்தானே?” என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. தகப்பனின் கடனை அறிந்த மகளுக்கு ‘மாட்டேன்’ என்னும் சொல் வாயில் வராது. ஆயினும் அறிந்து தாங்கும் பாரம் வேறு, அறியாமல் தலையில் ஏற்றப்படும் பாரம் வேறு. அறிந்தவள், மூன்றாண்டு கழித்தாவது தபால்வழியில் பட்டப்படிப்பைத் தொடர்கிறேன் என்று வாப்பாவிடம் வாக்குக் கேட்கலாம். அறியாதவள் எதைக் கேட்பாள்?

மறுநாள் காலை நான் புறப்படும் வேளையில் அவர் மகளை அழைத்து எதிரில் உட்காரச் சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.