ஆற்றல் எங்கே இருக்கிறது?

ஒரு நல்ல கால்பந்து ஆட்டக்காரர் கோல் அடிப்பதை நிறுத்திவிட்டால் ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிகிறார்கள். ஆளின் காலம் முடிந்துவிட்டது என்பது ஒரு கட்சி. ஆளிடம் குறையில்லை, பயிற்சியாளர் வகுத்த ஆட்டமுறைதான் அவரைக் கெடுக்கிறது என்பது இன்னொரு கட்சி. 'ஃபார்ம்' என்ற ஒற்றைச் சொல்லை இரு தரப்பும் வீசிக்கொள்கின்றன. இந்தச் சண்டைக்கு அடியில் பழைய மெய்யியல் கேள்வி ஒன்று இருக்கிறது: ஆற்றல் என்பது பணப்பையில் காசு இருப்பதுபோல ஒருவரிடம் இருக்கும் உடைமையா? அவரும் அவரைச் சூழ்ந்தவையும் கூடும்போது மட்டும் உண்டாகும் ஒன்றா?

ஃபெர்னாண்டோ டோரஸின் வாழ்க்கை இந்தக் கேள்விக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது. மாட்ரிட்டின் அத்லெடிகோ அணியில் வளர்ந்த இந்த ஸ்பானிய ஸ்ட்ரைக்கர் 2007-இல் லிவர்பூலுக்கு வந்தார். முதல் பருவத்திலேயே பிரீமியர் லீகில் 24 கோல். 2008 யூரோ இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையது. 2011 ஜனவரி 31 அன்று, அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகையான 5 கோடி பவுண்டு கொடுத்துச் செல்சி அவரை வாங்கியது. லிவர்பூலுக்காக 142 ஆட்டங்களில் 81 கோல் அடித்தவர், செல்சிக்காக 172 ஆட்டங்களில் அடித்தது 45. புதிய அணிக்கான முதல் கோலே ஏப்ரல் 23-ஆம் தேதிதான் விழுந்தது.

கதை முடிந்தது என்ற கட்சிக்குப் பண்டைய கிரேக்கத்தில் முன்னோடிகள் உண்டு. மெகாரா நகரத்துச் சிந்தனையாளர்கள், ஒருவர் ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கும்போது மட்டுமே அதற்கான ஆற்றல் அவரிடம் உண்டு என்று வாதிட்டார்கள். அரிஸ்டாட்டில் தம் 'மெட்டாஃபிசிக்ஸ்' நூலின் ஒன்பதாம் பகுதியில் இதை எதிர்த்தார். அப்படியானால் வேலையை நிறுத்தி உட்கார்ந்த கொத்தனார் கொத்தனாராக இருக்கமாட்டார். மறுபடி கரண்டியைக் கையில் எடுத்த நொடியில் அந்தத் தொழில் அவருக்கு எங்கிருந்து வந்து சேர்ந்தது? கண்ணை மூடும்போதெல்லாம் மனிதர் குருடாகிவிடுவாரா? ஆற்றல் வேறு, அது வெளிப்படுவது வேறு என்பது அவர் வகுத்த பிரிவு. ஃபார்ம் வரும் போகும், தரம் போகாது என்று கால்பந்து ரசிகர்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வதும் இதே பிரிவைத்தான்.

ஆனால் அரிஸ்டாட்டில் அதோடு நிறுத்தவில்லை. ஓர் ஆற்றலை விவரிக்கும்போதே அது செயல்படும் சூழலையும் சேர்த்துத்தான் விவரிக்க வேண்டும் என்றார். 'தடை இல்லாவிட்டால்' என்ற சொற்களைப் பின்னால் ஒட்டத் தேவையில்லை. நிபந்தனைகள் ஆற்றலின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கின்றன. சைவ சித்தாந்த நூல்கள் காரணத்தை மூன்றாகப் பிரிப்பதும் இங்கே உதவும்: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். சக்கரம் நின்றுபோனால் மண்ணைக் குறைசொல்வது நியாயமாகாது. அதேபோல், சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பதாலேயே எந்த மண்ணும் குடமாகிவிடாது.

லிவர்பூலில் டோரஸுக்கு வாய்த்த துணைக்காரணங்கள் அபூர்வமானவை. பயிற்சியாளர் ரஃபேல் பெனிடெஸ் வகுத்த 4-2-3-1 அமைப்பில் அவருக்குப் பின்னால் ஸ்டீவன் ஜெரார்ட் ஆடினார். பந்து கைமாறிய கணத்தில், எதிரணியின் தடுப்பு வரிசைக்குப் பின்னே கிடக்கும் வெற்றிடத்துக்கு டோரஸ் பாய்வார். ஓட்டம் தொடங்கும்போதே ஜெரார்டின் பாஸ் கிளம்பியிருக்கும். செல்சி பந்தைத் தன் வசம் வைத்து ஆடிய அணி. அதை எதிர்கொண்டவர்கள் தங்கள் கோலை ஒட்டிக் குவிந்து நின்றார்கள், ஓட இடமில்லை. ஆளை விலைக்கு வாங்கலாம், அவர் காலுக்கு வந்துசேர்ந்த பாஸை வாங்க முடியாது. 5 கோடி பவுண்டு என்ற விலை, ஆற்றலைப் பணப்பையில் உள்ள காசாகக் கருதியதன் விளைவு.

இதோடு ஆட்டமுறைக் கட்சி வென்றுவிட்டதாகத் தோன்றும். வெல்லவில்லை. 2012 நவம்பரில் அதே பெனிடெஸ் செல்சியின் இடைக்காலப் பயிற்சியாளராக வந்தார். பழைய டோரஸ் திரும்பி வரவில்லை. அந்தப் பருவம் முழுவதிலும் லீகில் அவர் அடித்தது 8 கோல். 2010-இல் முழங்காலில் இரண்டு முறை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. முதல் ஐந்து எட்டில் எதிராளியை உதறிவிடும் பழைய வேகம் குறைந்திருந்தது. மண்ணும் மாறியிருந்தது.

இவற்றையெல்லாம்விடக் கடினமான சான்று இரண்டு கணங்களில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 18, ஓல்ட் டிராஃபோர்டு மைதானம்: எதிரணிக் கோல்கீப்பர் டி ஹியாவைச் சுற்றிக் கடந்த டோரஸ், காலியான கோலுக்கு முன் பந்தை வெளியே அடித்தார். அதே ஆட்டத்தில் அவர் ஒரு கோலும் போட்டிருந்தார் என்பது பலருக்கு நினைவில்லை. 2012 ஏப்ரல் 24, பார்சிலோனாவின் கேம்ப் நூ: பத்துப் பேராகக் குறைந்திருந்த செல்சிக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட நேரத்தில் பாதி மைதானம் தனியே ஓடி, கோல்கீப்பர் வால்டெஸைச் சுற்றிக் கடந்து பந்தை வலைக்குள் தள்ளினார். செல்சி சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போவதை உறுதிசெய்த கோல் அது. இரண்டு இடத்திலும் ஒரே ஆள், ஒரே அணி, ஏறத்தாழ ஒரே அசைவு. ஆட்டமுறையோ தேய்ந்த முழங்காலோ இந்த வேறுபாட்டை விளக்காது. எவ்வளவு விளக்கினாலும் ஒரு மிச்சம் தங்கிவிடுகிறது. அதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

ஃபார்ம் என்ற ஒன்று உண்மையில் உண்டா என்றே கேட்டவர்களும் இருக்கிறார்கள். 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி ஆகியோர் கூடைப்பந்து வீசுதல்களை ஆராய்ந்து, தொடர்ந்து கூடையில் போடும் 'சூடான கை' வெறும் மனத்தோற்றமே என்றார்கள். 2018-இல் மில்லர், சன்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிலேயே ஒரு சாய்வு இருப்பதைக் காட்டினார்கள். அதைத் திருத்தினால் சூடான கைக்கு ஆதாரம் தெரிகிறது என்றார்கள். விவாதம் ஓயவில்லை. ஃபார்மை ஒரு காரணமாகப் பேசுவதில் உள்ள பிழை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கோல் ஏன் விழவில்லை, ஃபார்ம் இல்லை. ஃபார்ம் இல்லை என்று எப்படித் தெரியும், கோல் விழவில்லை. வட்டமாகச் சுற்றும் இந்தப் பேச்சில் விளக்கம் எதுவும் கிடைப்பதில்லை.

இனி மிஞ்சுவது பழியைப் பற்றிய கேள்வி. ரசிகர்களின் சண்டையில் உண்மையில் சூடேறுவது இங்கேதான். புகழும் பழியும் ஒருவர் தாமாக விரும்பிச் செய்தவற்றுக்கே உரியவை என்பது அரிஸ்டாட்டிலின் அறநூல் வகுத்த எல்லை. பயிற்சிக்கு வராதவரை, ஓட மறுப்பவரைக் கண்டிக்கலாம். அது அவர் தேர்வு. முழங்கால் தேய்வதையும் முன்னால் இடம் இல்லாமல் போவதையும் பந்து கம்பத்துக்கு வெளியே உருள்வதையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அவற்றுக்காக ஒருவரை ஏமாற்றுக்காரர் என்றும் வீண் செலவு என்றும் மைதானத்தில் கூவுவது ஆட்டத்தைப் பற்றிய விமர்சனம் ஆகாது. ஒரு மனிதருக்குச் செய்யும் அநியாயம்.