வயலில் கிடந்த படகு



1892-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் ஊரில், ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் மாலுமிக்கு நண்பர் ஒருவர் பாய்மரப் படகொன்றை இனாமாய்க் கொடுத்தார். போய்ப் பார்த்தால், வயலில் முட்டுக்கொடுத்து நின்ற உளுத்த கூடு! அவர் திரும்பிப் போகவில்லை. கருவாலி மரம் வெட்டி, அடிமரம் முதல் பலகை பலகையாய் மாற்றினார். உழைப்பு 13 மாதம். செலவு 553 டாலர் சொச்சம். பெயர் மட்டும் பழையதே: ஸ்ப்ரே. 1895 முதல் 1898 வரை அதிலே தனியாய் உலகைச் சுற்றினார்.

ஞானஸ்நானத்தில் புதிதாய் மிதந்த நம் ஆத்துமம் இன்று எந்த வயலில் கிடக்கிறது? “இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன்?” என்று கூசுகிறீர்களா? ஆண்டவர் பழைய பெயர் சொல்லியே அழைக்கிறார். சனிக்கிழமை வாருங்கள். நல்ல பாவசங்கீர்த்தனமே அடிமரம். மற்றப் பலகைகளை நாளுக்கு நாள் மாற்றுவோம்.