சுவர் ஏறும் கொடியை யார் அறிந்தவர்?

ஒரு செடியை அறிவது என்றால் என்ன? அதன் பேரைச் சொல்வதா, அதோடு பழகியிருப்பதா?

தோட்டச் சுவரில் தானாக முளைத்துப் படர்கிற கொடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரியோடிய மெல்லிய தண்டு. மும்மூன்றாய்ப் பிரிந்த இலை. பூக்காம்பிலேயே சுருண்டிருக்கும் பற்றுக்கம்பி. சின்ன வெள்ளைப் பூ. காற்றடைத்த மூணு பட்டைக் காய். உள்ளே கறுப்பு விதைகள், ஒவ்வொன்றிலும் இதய வடிவில் வெள்ளைத் தழும்பு. காயை நெத்தியில அடிச்சு 'டப்'புன்னு வெடிச்ச பிள்ளைகளுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். முடக்கத்தான். கைகால் முடக்கை அறுக்கிறதால முடக்கறுத்தான்னு பெரியவங்க சொல்லுவாங்க.

தமிழ் படிக்கப் போனால் இதே கொடி உழிஞை ஆகிவிடுகிறது. மதிலை முற்றுகையிடும் வீரன் சூடுகிற பூ. தொல்காப்பியத்தில் அதற்கு ஒரு திணையே உண்டு. உழிஞை என்றால் முடக்கத்தான் என்று பலரும் பொருள் எழுதியிருக்கிறார்கள். அதை மனப்பாடம் பண்ணி எம்.ஏ. வாங்குகிறோம். மலையாளத்தில் இன்றும் உழிஞ்ஞதான். 1753இல் லின்னேயஸ் இதற்கு கார்டியோஸ்பெர்மம் ஹலிககாபம் என்று பேர் வைத்தார். முதல் சொல்லுக்கு இதயவிதை என்று அர்த்தம்.

கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட் மலபார்ச் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் கொண்டுவந்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதற்கு அறிவு கொடுத்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றும், கொங்கணிப் பிராமணர் மூவரின் சான்றும் நூலிலேயே இருக்கின்றன. காட்டுக்குள் போய்ச் செடியைப் பறித்து வந்தவர்கள்? அவர்களுக்குப் பேர் இல்லை.

பொதுப்பேர் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. ஊருக்கொரு பேர் இருந்தால் மருந்து மாறிப்போகும், உயிருக்கே ஆபத்து. கேள்வி வேறு. ரெண்டு இலை விட்ட கன்றைப் பார்த்தே எதைப் பிடுங்கணும், எதை விடணும்னு சொல்லுகிற நம்ம பொம்பளைங்களுடைய அறிவுக்கு ஏன் 'கூலி வேலை' என்று பேர்?

களை என்று தாவரத்தில் ஒரு சாதி கிடையாது. அது சுவருக்குச் சொந்தக்காரர் சொல்லுகிற தீர்ப்பு. சுவரில் களை, சந்தையில் கீரை, வைத்தியரிடம் மூலிகை, இலக்கியத்தில் வெற்றி மாலை. கொடி மாறவில்லை, பேர் வைக்கிற இடம் மாறுகிறது. பிறப்பை வைத்து நமக்குப் பேர் வைத்தவர்களும் இப்படித்தான் வைத்தார்கள்.

செடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லிக்கொடுத்த அம்மாக்களின் பேரையும், அவங்க சம்மதத்தோடு, எழுதட்டும். அந்தக் குறிப்பால் காசு வந்தால் பங்கு கொடுக்கட்டும். மரியாதை பண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. அறிவுக்கும் கூலி உண்டு.