பெரியப்பாவிடம் எதைக் கேட்பது?

அண்மையில் அடுத்தடுத்துப் படித்த இரண்டு நாவல்கள் என்னை இன்னும் விடவில்லை. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்'. இரண்டுமே மலேசியத் தமிழர் எழுதியவை, ஒரே ரயில்பாதையைப் பற்றியவை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் கொமியூட்டர் ரயிலில்தான் பெரும்பாலும் படித்தேன். தண்டவாளச் சத்தத்தோடு அவற்றைப் படிப்பது எளிதாக இல்லை.

ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை அது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். போரில் ரப்பர் விற்காமல் போய், தோட்டங்களில் கூலியும் அரிசியும் நின்றுபோன நேரத்தில்தான் ஆள் சேர்த்தார்கள். ஆசை காட்டியும் கூட்டிப் போனார்கள், பிடித்துக்கொண்டும் போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதைத் தண்டவாளங்களையும் பெயர்த்து அங்கேயே கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்கிறார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல் இருக்கிறது. நம்மவர்களில் எவர் எங்கே கிடக்கிறார் என்று காட்ட யாராலும் முடியாது.

அந்தப் பெயரில்லாதவர்களில் ஒருவர் என் தாத்தா. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. "சயாம் சடக்குக்குப் போனார், வரல." அவ்வளவுதான்.

இதே பாதையைப் பற்றி ஆஸ்திரேலியர் ரிச்சர்ட் ஃபிளனகன் எழுதிய நாவலுக்கு 2014இல் புக்கர் பரிசு கிடைத்தது. அவருடைய அப்பா அங்கே கைதியாக இருந்து உயிரோடு திரும்பியவர். நாவல் முடிந்துவிட்டது என்று மகன் சொன்ன அன்றே அவர் இறந்ததாகப் படித்தேன். ஃபிளனகனைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது. கேட்பதற்கு அவருக்கு ஓர் அப்பா இருந்தார். எனக்கு இருப்பவர் தொண்ணூறைத் தொடப்போகும் பெரியப்பா. தன் அப்பா போனபோது அவர் லயத்தில் ஓடி விளையாடிய சின்னப் பையன்.

வயதானவர்களின் மௌனத்தைக் கிளறலாமா என்ற கேள்வி படிக்கப் படிக்க வளர்ந்தது. அவர்கள் மறந்துவிட்டதால் பேசாமல் இருக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று மனதுக்குள் அடக்கி வைத்தது அது. "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று ஒலிப்பதிவுக் கருவியோடு எதிரே உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது விசாரணை போலாகிவிடும்.

அதனால் பெரியப்பாவிடம் எதையும் கேட்கவில்லை, அந்த நாவல்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. வாந்திபேதியும் சாவும் வரும் இடங்களில் கையை உயர்த்தி நிறுத்துவார். சோறு வரும் இடங்களை மறுபடி வாசிக்கச் சொல்வார். ஒருநாள் நாவலோடு சண்டைக்கே வந்துவிட்டார். "சம்பளத்துக்கா போனாங்க? சோத்துக்குப் போனாங்க தம்பி! வீட்ல மரவள்ளிக்கிழங்குகூட இல்ல." அவர் பேசியது கதையில் வரும் ஆட்களைப் பற்றி. ஆனால் அந்த வீடு எங்கள் வீடு. கதை இல்லாமல் அந்த வாசலை அவர் எனக்குத் திறந்திருக்க மாட்டார்.

இரண்டு நாவல்களிலும் எனக்கு ஒரு குறை உண்டு. போனவர்களோடு நானும் போய்விட்டேன். தோட்டத்திலேயே நின்றுவிட்ட பெண்களோடு இன்னும் நிறைய நேரம் இருக்க விரும்பினேன். கடிதமும் வராமல் உடலும் வராமல் ஒருத்தி எந்த நாளில் தாலியைக் கழற்றுவாள்? பெரியப்பா சொன்னதுதான் இது: பாட்டி கழற்றவே இல்லை. அக்கம்பக்கத்தார் ஜாடையாகச் சொல்லியும், கோயில் விசேஷங்களில் ஒதுக்கியும், சாகும்வரை குங்குமம் வைத்தார். அதை வீம்பு என்று குடும்பத்தில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். நான் பாட்டி பக்கம். சாட்சியில்லாத ஒரு சாவை ஊருக்காக அவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

இப்போது ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'யைத் தொடங்கியிருக்கிறோம். ஜப்பான்காரன் காலத்துக் கதைதான் அதுவும், ஆனால் நம் பக்கத்து ஆறு. பெரியப்பாவுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் முடிவதற்குள் நான்கு முறை குறுக்கிடுகிறார். நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்கிறேன்.