கொடையும் பாக்கியும்

பெரியவள் பிறந்த நாளிலிருந்து என் மனைவியை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பாப்பாம்மா' என்றுதான் கூப்பிடுகிறேன். மேடை ஏறினால் 'தோழர்', 'இணையர்' என்றெல்லாம் வாய் நிறைய வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பாம்மா. பாப்பாவுக்கு இப்போது இருபது வயசு, சின்னவன் பத்தாவது படிக்கிறான். இந்தப் பாப்பாம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்பதுதான் எனக்கு வந்த கேள்வி. இதழில் எழுதுகிற அளவுக்கு இது பெரிய கேள்வியா என்று தோழர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தனை வருஷமாக என்ன கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். குக்கர். மிக்சி. தவணையில் ஒரு கிரைண்டர். மற்ற வருஷங்களில் எல்லாருக்கும் துணி எடுக்கிறபோது கூடவே ஒரு புடவை. மிக்சி வாங்கின வருஷம் வாரம் ரெண்டு தரம் எனக்கு அடை கிடைத்தது. அவளுக்கென்று கொடுத்ததெல்லாம் அடுப்படி வழியாகச் சுற்றி என் தட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பரிசு என்கிற வார்த்தையே எங்கள் சேரியில் சந்தேகத்துக்குரியது. அதற்குக் காரணம் உண்டு. என் அம்மா பண்ணையில் படியாளாக இருந்தவள். பொங்கல் மறுநாள் ஆண்டை வீட்டுப் பின்கட்டில் போய் நிற்பாள். ஆண்டையம்மா திண்ணையிலிருந்தே ஒரு நூல் புடவையைப் போடுவாள். கை பட்டுவிடக் கூடாது, அதனால் மேலேயிருந்துதான் விழும். அம்மா முந்தானையை விரித்து ஏந்திக்கொள்வாள். அதற்குப் பேர் இனாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கணக்குப் போடுவாள்: "அறுப்புல வரவேண்டிய நெல்லுல ரெண்டு மரக்கா கொறச்சான். அந்த நெல்லு வித்தா ரெண்டு பொடவ வாங்குவேன். ஒண்ண அவன் வெச்சிக்கினு ஒண்ண எனக்குப் போட்டுட்டு, மவராசன்னு பேரு வேற." பிரெஞ்சுக்காரர் மார்சல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதினார். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது, மூன்றுமே கட்டாயம் என்றார். திருப்பிக் கொடுக்க முடியாதவன் கொடுத்தவனுக்குக் கீழே போய்விடுகிறான். சரிதான். ஆனால் எங்க அம்மா சொன்னது வேறே ஒண்ணு. முதலில் பிடுங்கிக்கொண்டது எவ்வளவு என்று பார்க்காமல் கொடுத்ததைப் பற்றிப் பேச முடியாது.

கோயிலிலும் கொடை வந்தது. கடல் கடந்து வந்த மூட்டையில் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கிடைத்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குச் சின்னதாகிப் போனது. எங்க ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய நின்று பாட்டுப் பாடினேன். பால்பவுடருக்காக மதம் மாறினவன் என்று பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கினதும் அந்தச் சட்டையோடுதான். அதைப் பற்றி இன்னொரு தரம் எழுதுகிறேன்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் செய்த இரண்டு காரியங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் ஆட்கள் தனித்தனியாகத்தான் படிக்கிறோம். ஒன்று, மகர் வதன் பற்றிய மசோதா. வதன் என்றால் வெறும் மானியம் மாதிரித் தெரியும். கொஞ்சம் நிலத்தையும் ஊரார் போடும் தானியத்தையும் காட்டிவிட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் அந்தச் சாதியையே சர்க்கார் வேலைக்குக் கூப்பிடுகிற கயிறு அது. அந்தக் கயிற்றை அறுக்கப் பார்த்தார். இன்னொன்று, ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கான பேறுகாலச் சலுகை மசோதா. அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, அதன் செலவில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமானது. முதலாவதில், இனாம் என்று சொல்வது அடிமைத்தனம் என்றார். இரண்டாவதில், தயவு என்று நினைப்பதை உரிமையாக்கு என்றார். கொடை, பாக்கி இரண்டையும் பிரித்துக் காட்டின கணக்கு இது. எங்க அம்மா போட்ட அதே கணக்கு.

அதைப் பேசியவரின் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். ரமாபாய் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நாலு குழந்தைகள் சின்ன வயசிலேயே செத்துப்போனார்கள். கடைசிப் பிள்ளை ராஜரத்னா இறந்தது 1926இல். இரண்டு வருஷம் கழித்துத்தான் தாய்மார்களின் ஓய்வைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசுகிறார். ரமாபாய் பண்டரிபுரம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதை வரலாறு எழுதிய தனஞ்செய் கீர் சொல்கிறார். தீண்டாதவர்களை உள்ளே விடாத பண்டரிபுரம் எதற்கு, நாம் வேறொரு பண்டரிபுரத்தை உண்டாக்குவோம் என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார். அரசியலாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த அம்மா 1935இல் இறந்துபோனார், எந்தப் பண்டரிபுரத்தையும் பார்க்காமலே. 1940இல் வந்த பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார் அம்பேத்கர். யாரும் துணையில்லாத வறுமை நாட்களில் தன்னோடு சேர்ந்து கஷ்டப்பட்டதை அதில் நன்றியோடு சொல்கிறார். வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லாதபோது வந்த கொடை. அவர் வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என் வீட்டைப் பற்றிச் சொல்லலாம்.

பாப்பாதான் சொன்னாள். "அப்பா, அம்மா கோயில்ல மொத சரணம் மட்டும்தான் பாடறாங்க, கவனிச்சியா?" எங்கே கவனிப்பது? ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் அவள். "மொத சரணம் மனப்பாடம். மிச்சத்துக்குச் சும்மா வாய அசைக்கிறாங்க. எழுத்து தெரியல."

வெள்ளெழுத்து. நாற்பத்தஞ்சு வயசில் வரத்தானே செய்யும். எனக்கு வந்தபோது ஒரே வாரத்தில் கண்ணாடி போட்டுவிட்டேன், கூட்டத்தில் கட்டுரை வாசிக்க வேண்டுமே. அவளுக்கு வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். ஊசியில் நூல் கோக்கச் சின்னவனைக் கூப்பிடுவாள். செல்லமாக வேலை வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசியில் கல் கிடந்தது என்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததும் ஞாபகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், நான் கொண்டுவந்து கொடுத்த பத்திரிகைகள் பிரிக்கப்படாமலே கிடக்கும். 'நம்ம பெண்களுக்கு வாசிப்பில் அக்கறையில்லை' என்று இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள்.

மறுநாளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் கண்ணாடி வாங்கினேன். இந்த வருஷம் பரிசு அமைந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கண்ணாடிக் கூட்டைக் கலர் காகிதத்தில் சுற்றிக்கூடக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதாங்க கிறிஸ்துமஸ் பரிசு?"

"ஆமா. ஏன், புடிக்கலயா?"

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி வாங்கிக் குடுக்கணும். கால்ல முள்ளு குத்துனா எடுக்கணும். இதுக்குப் போயி காயிதம் சுத்துவாங்களா? ரெண்டு வருசத்துப் பாக்கி இது. பரிசு எங்க?"

பின்கட்டில் ஏந்தின புடவையும் அம்மா போட்ட கணக்கும் அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. திண்ணை மேல் நின்று போட்டுக்கொண்டிருந்தது இந்தத் தரம் நான்.

சரி, அவளையே கேட்டுவிடலாம் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிள்ளைகளுக்கு என்ன வேணும் என்று கேட்டால் உடனே சொல்லுவாள். தனக்கு என்றதும் திகைத்துவிட்டாள். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கொடை."

எங்கள் பேச்சில் குடையும் கொடைதான். நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைக் கிண்டல் பண்ணுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, மழைக்குப் பிடிக்கிற குடைதான். "செவப்புல பூப்போட்டது. வீட்ல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, கறுப்பு. அத நீங்க எடுத்தும் போயிடுறீங்க, இல்லன்னா பையன். நான் சாக்குப் பைய மடிச்சிப் போட்டுக்கினு போறேன். எனக்குன்னு ஒண்ணு. அழகா இருக்கணும்."

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கம் ஆதிக்கச் சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தம் நூலில் பதிந்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மாராப்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். இதையெல்லாம் நான் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன், கொடுமைகளின் பட்டியலாக. இந்த டிசம்பரில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது கடைவீதியில் மனிதர்கள் ஆசைப்பட்டு வாங்குகிற சாமான்களின் பட்டியலாகவும் தெரிந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. குடை கூடாது என்ற தடையில் ஆண்கள்தான் இருக்கிறார்கள். பெண் ஒருத்தி குடை பிடிப்பாள் என்று தடை போட்டவனுக்கே தோன்றவில்லை போலிருக்கிறது.

கோயிலில் போன ஞாயிறு ஞானிகள் கொண்டுவந்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் பற்றிப் பிரசங்கம். மூன்றும் பிள்ளைக்கு. பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கோ கருப்பட்டியோ கூட யாரும் கொண்டுவந்ததாக மத்தேயு எழுதவில்லை. ஐயரிடம் சொன்னேன், சிரித்தார். அதோடு விட்டேன்.

மூணு கடை ஏறி இறங்கிச் சிவப்பில் வெள்ளைப் பூப்போட்ட குடை கிடைத்தது. விரித்துப் பார்த்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். வீட்டுக்குள் விரிக்காதே என்று பக்கத்து வீட்டு ஆயா சத்தம் போட்டதைக் காதில் வாங்கவில்லை. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்பக்கம் ஓரத்தில் தன் பேரை வெள்ளை நூலில் தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் தானே நூல் கோத்தாள்.

"இனிஷியலும் போட்டுக்கோ, கலந்துடப் போவுது" என்றேன்.

"உங்க எழுத்தப் போட்டா அப்புறம் யாரு கொடை இது?" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்பது அவளுக்கு உடனே பிடிபடவில்லை.