கட்டிலுக்கு அடியில் 50 கிலோ

என் லேப்டாப்பில் ‘வெள்ளம்’ என்ற பெயரில் ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. அரிசி, துவரம்பருப்பு, உப்பு, எண்ணெய், தீப்பெட்டி, மெழுகுவத்தி, ஓஆர்எஸ், பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் நேரே வாங்கிய தேதி, கெட்டுப்போகும் தேதி, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை நாள் தாங்கும். கடைசிக் கட்டம் ஏழு நாளுக்குக் கீழே போனால் தானாகச் சிவப்பாகும். நண்பர்களிடம் காட்டினால் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மெழுகுவத்தி எண்ணிப் பார்ப்பேன்.

ஆரம்பித்தது 2015 டிசம்பரில். 1ஆம் தேதி ராத்திரி அடையாறு கரையை மீறியபோது நான் சைதாப்பேட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடியில் இரண்டு பேரோடு வாடகைக்கு இருந்தேன். மூன்று பேருமே சாஃப்ட்வேர். மூன்று பேருமே ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள். வீட்டில் இருந்தது அரை பாக்கெட் ரஸ்க்கும் ஒரு மேகியும். கேஸ் இல்லாததால் மேகியைப் பச்சையாகத் தின்றோம். மூன்றாம் நாள் அரை லிட்டர் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஏடிஎம் எதுவும் வேலை செய்யவில்லை, அந்த நூறும் கடன். ஆபீசில் நான் பார்க்கும் வேலையே ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும்படி அமைப்பதுதான். சொந்த வயிற்றுக்கு மாற்று ஏற்பாடு இல்லாதவன் ஒரு வங்கியின் டேட்டாவுக்கு மூன்று நகரங்களில் நகல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவசரத்துக்கு வீட்டில் பொருள் சேர்த்து வைப்பது பிரயோஜனமா என்று கேட்டால், ஆமாம் என்று உடனே சொல்லிவிடலாம். அதில் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. சுவிட்சர்லாந்து அரசு ஒவ்வொருவரும் 9 லிட்டர் தண்ணீரும் ஒரு வாரச் சாப்பாடும் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது. ஸ்வீடன் 2024 நவம்பரில் போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்று ஒரு கையேட்டை வீடுவீடாக அனுப்பியது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் 72 மணி நேரத்துக்குக் கையிருப்பு வையுங்கள் என்றது. நம்மூரில் இதை அரசு சொல்லத் தேவையிருக்கவில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வத்தலும் வடகமும் காய்வதெல்லாம் ஐப்பசி கார்த்திகைக்குத்தான். பழைய புளிக்கு மவுசு அதிகம். கேழ்வரகை வண்டு அவ்வளவாகச் சீண்டாது, வருஷக்கணக்கில் கிடக்கும். இதெல்லாம் யாரும் எக்செல்லில் எழுதி வைக்காத அறிவு.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. சேர்த்து வைத்த பொருள் உங்களை என்ன ஆளாக மாற்றுகிறது என்பது.

2020 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா இரண்டு சிப்பம் அரிசி கொடுத்தனுப்பினாள். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது. சொந்த நிலத்து நெல், அரைத்து மூட்டை கட்டியது. மொத்தம் 50 கிலோ. சென்னைக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். எக்செல்லில் ஓர் ஆளுக்கு 400 கிராம் கணக்குப் போட்டேன். நானும் மனைவியும், 62 நாள். கட்டம் பச்சை.

மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசி முடித்ததும் எங்கள் தெருவே மளிகைக் கடைக்கு ஓடியது. நான் ஓடவில்லை. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் நின்றது குறைவு.

ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு நான்கு நாள் முழு ஊரடங்கு அறிவித்தார்கள். 26 முதல் 29 வரை. அதற்கு முந்தைய நாள், 25ஆம் தேதி சனிக்கிழமை, கடைகளில் கூட்டம் மொய்த்தது. எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பக்கத்தில் பாதி கட்டி நின்றுபோன ஒரு கட்டடம். அதில் ஒடிசாக்காரப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கியிருந்தார்கள். ஒருவன் எங்கள் கேட்டுக்கு வந்து வாட்ச்மேனிடம் அரிசி கேட்டான். வாட்ச்மேன் செயலாளரிடம் சொல்ல, செயலாளர் வாட்ஸாப் குழுவில் போட்டார்: வீட்டுக்கு ஐந்து கிலோ முடியுமா? அவர்களிடம் ரேஷன் அட்டை இருந்திருக்கலாம், ஆனால் ஒடிசாவில். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது அந்த வருடம் அக்டோபரில்தான்.

நான் எழுதினேன்: “எங்களிடமும் குறைவாகத்தான் இருக்கு. ஒரு கிலோ தரேன்.”

அப்போது கட்டிலுக்கு அடியில் நாற்பது கிலோவுக்கு மேல் இருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து போனை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிலோவை அளந்து கவரில் போட்டதும் அவள்தான். கொஞ்சம் அழுத்திப் போட்டாள், ஒன்றரை வந்திருக்கும்.

ஜூனில் அரிசியில் வண்டு விழுந்தது. முதலில் புடைத்துப் பார்த்தோம். பிறகு முடியவில்லை. பதினெட்டு கிலோ போல ஒரு மாட்டுக்காரரிடம் போயிற்று. எக்செல்லில் ‘வீண்’ என்று பதிவு செய்தேன். அந்த வரிசை இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை.

எனக்கு நானே ரொம்ப நாள் வக்கீலாக இருந்தேன். வாதம் மோசமானதில்லை. பதுக்கல் என்பது தட்டுப்பாட்டில் அள்ளுவது. நான் ஜனவரியில், எல்லாம் தாராளமாகக் கிடைத்தபோது கொண்டுவந்தேன். யாருடைய பங்கையும் எடுக்கவில்லை. சொல்லப்போனால் மார்ச்சிலும் ஏப்ரலிலும் நான் வரிசையில் நிற்காததால் இன்னொருவருக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கிடைத்திருக்கும். சும்மா இருக்கிற நேரத்தில் நிரப்புகிற பஃபர், நெருக்கடி நேரத்தில் எல்லாருடைய சுமையையும் குறைக்கிறது. இதை இன்றைக்கும் நம்புகிறேன். சேமிக்க நினைக்கிறவர்கள் புயல் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஒரு வெயில் நாளில் வாங்குவதுதான் நியாயம்.

ஆனால் அந்த வாதம் நான் எப்படி வாங்கினேன் என்பதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. கேட்டபோது இல்லை என்றதற்கு அதில் பதில் இல்லை.

பஞ்சத்தின் சரித்திரத்தைப் படித்தால் தானியமே இல்லாமல் ஜனங்கள் செத்தார்கள் என்பது பாதிக் கதை என்று தெரிகிறது. அமர்த்தியா சென் 1981இல் எழுதிய புத்தகத்தில் 1943 வங்கப் பஞ்சத்தை வைத்து இதைத்தான் நிறுவினார். அரிசி இருந்தது, அதை வாங்கும் சக்தி கூலிக்காரர்களிடமும் மீனவர்களிடமும் இல்லை. இருபது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். அந்த வருடம் ஜூனில் வங்க அரசு பதுக்கலைப் பிடிக்கிறோம் என்று கிராமம் கிராமமாகச் சோதனை போட்டது, கல்கத்தாவையும் ஹவுராவையும் மட்டும் விட்டுவிட்டு. பெரிய குடோன்கள் எங்கே இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்துத் தாது வருஷப் பஞ்சத்தில், 1877இல், வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். என் எக்செல்லில் 400. அவர் அடுத்தவர் வயிற்றுக்குப் போட்டார், நான் என் வயிற்றுக்குப் போட்டேன், தொட்டுக்கொள்ளப் பருப்பும் எண்ணெயும் தனி வரிசையில் இருந்தன என்பது வித்தியாசம். இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்கு எனக்கு என்னவோ செய்தது.

அப்புறம் 2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் வருகிறது, அம்மா தனியாக இருக்கிறாள் என்று ஊருக்கு பஸ் ஏறினேன். பெரிய பை. இரண்டு பவர் பேங்க், டார்ச், வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற உப்புமா பாக்கெட்டுகள், பிஸ்கட், தண்ணீர் பாட்டில்கள். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னாடா இது, கப்பல் ஏறப் போறவன் மாதிரி?” என்றாள்.

சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் புயல் கரையைக் கடந்தது. கடந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தால், அது நகராமல் அங்கேயே நின்று விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஞாயிறு சாயந்தரம் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டுக்குள் இருந்த 7 பேர் போனார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த வீட்டில் எவ்வளவு அரிசி இருந்தது என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. தயார்நிலை பற்றி நிறையப் பேசுகிற என்னைப் போன்றவர்கள் இதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

எங்கள் தெருவில் கரண்ட் போய் மூன்று நாள் வரவில்லை. டவர் செத்தது. டவர் செத்ததும் ஜிபே செத்தது. என் கணக்கில் பணம் இருந்தது, பர்ஸில் எண்பது ரூபாய். ஒன்பது வருடமாகப் பராமரித்த எக்செல்லில் ‘ரொக்கம்’ என்று ஒரு வரிசையே இல்லை, 2015இல் ஏடிஎம் முன்னால் நின்ற பிறகும். முனை மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்து, “நீங்க யாரு வூடு?” என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு பால் பவுடரும் கொசுவத்தியும் கொடுத்தார். என் பேரில் இல்லை, அம்மா பேரில். நாற்பது வருடமாக அவள் மாசம் பிறந்தால் கணக்குத் தீர்த்துவந்ததுதான் அந்தத் தெருவில் எங்கள் கையிருப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. மோட்டார் ஓடாததால் எல்லாரும் தெருக்கோடி அடிபம்புக்குப் போனோம். என் தண்ணீர் பாட்டில்கள் முதல் நாளே காலி.

இரண்டாம் நாளிலிருந்து வாசலுக்கு ஆள் வர ஆரம்பித்தது. மல்லாட்டைக் காட்டில் தண்ணீர் நின்று வேலை கிடையாது, கூலி கிடையாது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ரேஷன் அரிசி நனைந்துபோனவர்கள் சிலர். அம்மா படியை எடுத்து அளந்து அளந்து கொடுத்தாள். தலை தட்டி, சரியாக. நான் ஒரு தடவை படி இல்லாமல் சொளகில் அள்ளி ஒரு பெண்ணின் பாத்திரத்தில் கொட்டினேன். அவள் போனதும் அம்மாவுக்குக் கோபம். “அளந்து குடுத்தாதான்டா அவ திருப்பிக் குடுக்க முடியும். சும்மா அள்ளிப் போட்டா அடுத்த தடவ வரமாட்டா.”

இதைக் கேட்டதும் பழங்காலத்தைக் கும்பிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். முடியாது. ஆயா இருந்தவரை எங்கள் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குதிர் நின்றது. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசியது. மேலே கொட்டி, கீழே துளையில் அடைத்த துணியை உருவினால் நெல் வரும். வீட்டுக்கு வருகிற எவருக்கும் அது கண்ணில் படும், அதனால் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இது அழகான கதை. ஆனால் வீட்டுக்குள் யார் வந்தார்கள்? காலனிக்காரர்கள் தோட்டத்துப் பக்கம் நிற்பார்கள். அவர்களுக்கு ஆயா அளந்த நெல் பெரும்பாலும் தர்மமே இல்லை, அவர்கள் அறுத்த வயலின் கூலி. நிலம் இருக்கிறவன் வீட்டில்தான் குதிர் இருக்கும். குதிர் இல்லாதவர்களுக்காகப் பிற்பாடு வந்ததுதான் ரேஷன் கடை. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று சுருக்கியபோது தமிழ்நாடு எல்லாருக்குமானதாகவே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசும் வாங்குவதில்லை. யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் வாங்கிக்கொள்ளும் அரிசி. என்னைக் கேட்டால் கடந்த நூறு வருடத்தில் இந்த மண்ணில் கட்டிய குதிர்களிலேயே பெரியது அதுதான்.

இருந்தும் அந்தக் குதிருக்கும் அட்டை வேண்டும். ஏப்ரல் 25 அன்று கேட்டுக்கு வந்த பையனிடம் அது இல்லை. அரசு வந்து சேரும்வரை நடுவில் சில நாட்கள் எப்போதும் இருக்கத்தான் செய்யும். அந்த நாட்களுக்குத்தான் ஒரு வீட்டின் கையிருப்பு.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசு வாங்கி வந்ததும் மனைவியிடம் ஒன்று சொல்கிறார். உன் சொந்தக்காரர்களுக்குக் கொடு, நமக்குக் கைமாற்றுத் தந்தவர்களுக்குக் கொடு, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, பத்திரமாக வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. அதில் என்னைப் பிடித்து நிறுத்துவது கைமாற்று. வீட்டில் ஒன்றும் இல்லாத நாட்களில் அவர்களைத் தாங்கியது அந்தக் கைமாற்றுத்தான். மிச்சம் வந்ததும் அது வந்த திசைக்கே போகிறது. புலவர் எக்செல் போடவில்லை, அடுத்த மாசத்துக்கு என்ன செய்தாரோ தெரியாது. என்னால் அப்படி வாழ முடியாது என்றும் தெரியும். இப்போதும் கட்டிலுக்கு அடியில் ஒரு சிப்பம் இருக்கிறது. ரொக்கத்துக்கு ஒரு வரிசை சேர்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ராத்திரி கூடத்தில் காடா விளக்கு. மழை விட்டிருந்தது, ஏரிப் பக்கம் தவளைச் சத்தம். அம்மா காலி மூட்டையை மடித்துக்கொண்டே கணக்குச் சொன்னாள்: இவ்வளவு போயிருக்கிறது, இவ்வளவு மிச்சம், பொங்கல் வரை தாங்கும். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்தாள்.

“ஆமா, அந்தக் கொரோனா வருஷம் ரெண்டு சிப்பம் குடுத்தனுப்பினேனே. பழுதாகாம ஆக்கித் தின்னீங்களா?”

“ம். தீந்துடுச்சும்மா,” என்றேன்.